மண் இல்லாத வீடு: ஜொகூர் கடலோரத்தில் கேரவன் வாங்குவது சொத்தா, செலவா?

பிறர் மண்ணில் நிற்கும் வீடு யாருக்குச் சொந்தம்? இது பழைய கேள்வி. மலேசிய நிலச் சட்டம் அதற்கு ஒரு பதிலும், மலாய்க் கிராம வழக்கம் வேறொரு பதிலும், தோட்டப்புறத் தமிழர்களின் அனுபவம் மூன்றாவது பதிலும் தந்திருக்கின்றன. கடலோர விடுமுறைப் பூங்காக்களில் கேரவனையும் அதோடு ஒட்டிய இணைப்புக் கூடத்தையும் விலைக்கு வாங்கும் பழக்கம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுங்காலமாக உண்டு. ஜொகூரில் அது இன்னும் வேரூன்றவில்லை. ஆனால் கெபின் வீடு, கொள்கலன் வீடு, கேரவன் தங்குமிடம் என்று மலேசியக் கடற்கரைகளில் பெருகிவரும் ஏற்பாடுகள் எல்லாம் அதே கேள்வியைத்தான் எழுப்புகின்றன.

ஜொகூரின் கிழக்குக் கரையில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் இருக்கிறது. 1972இல் தொடங்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா, டெசாருவைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க முயன்றது. 2011இல் செனாய்–டெசாரு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் ஜொகூர் பாருவிலிருந்து அந்தக் கடற்கரை அருகே வந்துவிட்டது. 2018 முதல் பன்னாட்டு விடுதிகள் வரிசையாகத் திறந்தன. 2022இல் சிங்கப்பூரின் தானா மேராவிலிருந்து நேரடிப் படகுச் சேவையும் வந்தது. கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்ற ஆசைக்கு வழி அகலமாகிவிட்டது, கடற்கரை நிலத்தின் விலையோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நிலத்தை விட்டுவிட்டு வீட்டை மட்டும் விற்கும் யோசனை இப்படிப்பட்ட இடைவெளியில்தான் பிறக்கிறது.

விற்கப்படுவது என்ன?

கேரவன் விற்பனையில் மூன்று பொருள்கள் ஒரே விலைக்குள் அடங்கியிருக்கின்றன. முதலாவது வண்டி: இரும்பு அடிச்சட்டம், சக்கரங்கள், மெல்லிய சுவர்கள், உள்ளே ஒரு சிறிய சமையல் மேடையும் படுக்கையும். இரண்டாவது இணைப்புக் கூடம்: அலுமினியச் சட்டத்தில் எழுப்பிய சுவர், கேரவனின் பக்கவாட்டோடு சேர்த்து அடைத்த கூரை, மரப்பலகை அல்லது சிமெண்டுத் தரை. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மின்கம்பியும் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியும் பெரும்பாலும் இந்தக் கூடத்தை ஒட்டியே அமைகின்றன. மூன்றாவது பொருள் கண்ணுக்குத் தெரியாது. பூங்காவின் ஒரு குறிப்பிட்ட மனையில் அந்த வண்டியை நிறுத்தி வைக்கவும், மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தவும் கிடைக்கும் அனுமதி அது.

கடலுக்கு முன்னால் நிற்கும் கேரவனின் விலையையும், அதே கேரவனைச் சாலையோரக் கிடங்கில் நிறுத்தி விற்கும் விலையையும் ஒப்பிட்டால், வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது விளங்கும். இரும்பும் பலகையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கூடுதல் விலை முழுவதும் அந்த மூன்றாவது பொருளுக்கு. ஆகவே வண்டியின் தரம், கூடத்தின் அழகு, சமையலறையின் வசதி ஆகியவற்றைவிட அனுமதியின் உறுதிதான் முதலில் ஆராயப்பட வேண்டியது. விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

முதல் நிலைப்பாடு: மண்ணே சொத்து

மண் கையில் இல்லாத வீடு வீடே ஆகாது என்பது மலேசியத் தமிழர்களிடையே வலுவாக வேரூன்றிய எண்ணம். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டத்து லயத்து வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் துண்டாடல் பரவியது. 1951 முதல் 1960 வரையிலான அந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்தார். ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதே நெருக்கடியில்தான். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது அதன் வழி. வீட்டை மட்டும் காப்பாற்ற முடியாது, மண்ணைக் காப்பாற்றினால்தான் வீடு நிற்கும் என்ற அறிவு அதன் அடிப்படை.

சட்டமும் இந்த நிலைப்பாட்டுக்கு ஆதரவாக இருக்கிறது. 1965இல் இயற்றப்பட்டு 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்ட தேசிய நிலச் சட்டம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரிமை என்ற முறையைப் பின்பற்றுகிறது. 340ஆவது பிரிவு அந்த உரிமையை, மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அசைக்க முடியாததாக்குகிறது. 5ஆவது பிரிவின்படி நிலம் என்றால் மண்ணோடு பொருத்தப்பட்டவையும், அப்படிப் பொருத்தப்பட்டவற்றோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டவையும் சேர்ந்ததே. கட்டியவர் யாராக இருந்தாலும், நிலையாகப் பொருந்திய கட்டடம் நிலத்தோடு போய்விடும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனத்தையும் ஜொகூரே காட்டியிருக்கிறது. கேலாங் பாத்தாவுக்கு அருகே கடலைத் தூர்த்து நான்கு தீவுகளில் ஏழு லட்சம் பேருக்கான நகரமாகத் திட்டமிடப்பட்ட ஃபாரஸ்ட் சிட்டியில், வெளிநாட்டினருக்கும் நிரந்தர உரிமையுள்ள பட்டா முன்வைக்கப்பட்டது. பத்திர அளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சீனா தன் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இறுக்கியது, 2018இல் மலேசியாவில் ஆட்சி மாறியது, மேம்பாட்டாளரான கண்ட்ரி கார்டன் 2023இல் கடன் தவணை தவறியது. குடியேறியவர்கள் திட்டமிட்ட எண்ணிக்கையில் மிகச் சிறு பங்குதான். 2023இல் அரசு அதைச் சிறப்பு நிதி மண்டலமாக அறிவித்தது. பட்டா வெளியேற்றத்திலிருந்து காக்கும். ஆளில்லாத ஊரில் விற்க முடியாத நிலையிலிருந்து அது காக்காது. மண்ணின் உரிமை தேவையான ஒன்றுதான், போதுமானதா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் நிலைப்பாடு: வீடு வேறு, மண் வேறு

மலாய்க் கிராமத்தின் மரவீடு தூண்களின் மேல் நிற்பது. தேவைப்பட்டால் ஊரார் கூடித் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைப்பார்கள். அந்த வழக்கத்தை 1953இல் கியா–சோம் வழக்கில் நீதிமன்றம் ஏற்று, அவ்வகை மரவீடு நிலத்தோடு சேராத தனி அசையும் சொத்து என்று கொண்டது. ஆங்கிலேயச் சட்டம் நிலத்தோடு ஒட்டியதை எல்லாம் நிலமாக்கும்போது, உள்ளூர் வழக்கம் அதற்கு விலக்குப் பெற்ற முக்கியமான தீர்ப்பு அது. கேரவன் விற்பனையின் தர்க்கமும் இதுதான். சக்கரம் இருக்கிறது, இழுத்துக்கொண்டு போகலாம், ஆகவே நிலம் யாருடையதானாலும் வீடு வாங்கியவருடையது.

வண்டி தனியாக நிற்கும்வரை இந்த வாதம் உறுதியானது. சிக்கல் இணைப்புக் கூடத்தில் தொடங்குகிறது. ஒரு பொருள் நிலத்தின் பகுதியாகிவிட்டதா என்பதை நீதிமன்றங்கள் இரண்டு அளவுகோல்களால் பார்க்கின்றன: எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, எந்த நோக்கத்துக்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1997இல் பிரபுக்கள் சபை தீர்த்த எலைட்ஸ்டோன்–மாரிஸ் வழக்கு இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு. ஸ்வான்சீ அருகே, ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருந்த ஒரு மரவீடு சிமெண்டுத் தூண்களின்மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. தரையோடு எந்தப் பிணைப்பும் இல்லை. ஆயினும் உடைக்காமல் அதை நகர்த்த முடியாது என்பதால் அது நிலத்தின் பகுதியே என்று தீர்ப்பாயிற்று.

கூடத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. மடித்து எடுக்கும் துணிக்கூடாரமாக இருந்தால் அசையும் பொருள். சிமெண்டுத் தரை போட்டு, கூரையைக் கேரவனோடு இணைத்து, கழிவுநீர்க் குழாயை மண்ணில் புதைத்தால் அதன் தன்மை மாறுகிறது. சில ஆண்டுகளில் கேரவனின் சக்கரங்களும் பலகைக்குப் பின்னால் மறைந்து, அடிச்சட்டம் உப்புக் காற்றில் துருப்பிடித்து, கூடத்தை இடிக்காமல் வண்டியை வெளியே எடுக்க முடியாத நிலை வருகிறது. வசதிக்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் வாங்கியவரின் பிடியிலிருந்து நில உரிமையாளரின் பிடிக்குச் சொத்தை நகர்த்தக்கூடும். இந்தப் பொருளில் மிகவும் கவனிக்கப்படாத உண்மை இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டை வீடாக்கும் பகுதியே உரிமையைக் கரைக்கும் பகுதியாகவும் இருக்கிறது.

எலைட்ஸ்டோன் வழக்கில் குடியிருந்தவர்தானே வென்றார் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். உண்மை. வீடு நிலத்தின் பகுதி என்று ஆனதால் அவர் வாடகைக்காரராகக் கருதப்பட்டு, பிரிட்டனின் 1977 வாடகைச் சட்டம் அவரைக் காத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மலேசியாவில் இல்லை. இங்கே 1948க்கு முந்திய கட்டடங்களுக்கு மட்டும் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், எலைட்ஸ்டோன் தீர்ப்பு வந்த அதே 1997இல் நீக்கப்பட்டு 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. குடியிருப்பு வாடகைக்கென ஒரு புதிய சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ஆகவே அதே தீர்ப்பு இங்கே வந்தால், வீடு நில உரிமையாளருக்குப் போகும் அபாயம் மட்டும் எஞ்சலாம்.

மூன்றாம் நிலைப்பாடு: ஒப்பந்தம் காக்கும்

நல்ல ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமும் இருந்தால் மண்ணின் குறையை ஈடு செய்யலாம் என்பது மூன்றாவது வாதம். வெளிநாட்டு அனுபவம் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், விடுமுறைப் பூங்காவில் சொந்தக் கேரவனை நீண்டகாலம் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கென்றே 2002இல் தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டனின் 1983 நகர்வீட்டுச் சட்டம் கேரவனை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர்களுக்கு வலுவான பாதுகாப்புத் தருகிறது. விடுமுறைக்கு மட்டும் அனுமதி பெற்ற பூங்காக்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. விடுமுறைக் கேரவன் என்பது வசிப்பிடத்தைவிடக் குறைந்த பாதுகாப்புக்கே தகுதியானது என்ற பார்வை அங்கும் நிலவுகிறது.

மலேசியாவில் இதற்கு ஒப்பான தனிச் சட்டம் இல்லை. அதற்கு மிக நெருங்கியவை காலப் பகிர்வு விடுமுறைத் திட்டங்கள்தாம். அவை முன்பு நிறுவனச் சட்டத்தின் கீழும், இப்போது 2016ஆம் ஆண்டின் பங்குரிமைத் திட்டச் சட்டத்தின் (Interest Schemes Act) கீழும் மலேசிய நிறுவன ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இவை பயனுள்ள வழிகளே. ஆனால் ஒரு கேரவன் மனை ஒப்பந்தம் எந்தச் சட்டத்தின் வலைக்குள் வரும் என்பது அது எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது.

ஒப்பந்தத்தின் அடிப்படைப் பலவீனம் வேறு. அது கையெழுத்திட்ட இருவரையே கட்டும். பூங்கா நிலம் கைமாறினாலோ வங்கி அதை ஏலம் விட்டாலோ, வெறும் அனுமதி புதிய உரிமையாளரைப் பொதுவாகக் கட்டாது. நில உரிமையாளர் தூண்டியதன் பேரில் பணம் செலவிட்டவருக்குச் சமநீதி அடிப்படையில் உதவிய மலேசியத் தீர்ப்புகளும் உண்டு. ஆனால் வழக்காடிப் பெறும் ஆறுதல் ஓய்வுக்காக வாங்கிய வீட்டுக்குப் பொருத்தமான பாதுகாப்பு ஆகாது. தேசிய நிலச் சட்டம் இதைவிட உறுதியான இரண்டு படிகளைத் தருகிறது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உரிமையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் பட்டாவில் குறிப்பாக ஏற்றினால்தான் அடுத்து வாங்குபவரைக் கட்டும். அதற்கு மேற்பட்ட காலத்துக்குப் பதிவு செய்த குத்தகை வேண்டும். 221ஆவது பிரிவின்படி முழு நிலத்துக்கு 99 ஆண்டு, நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டு உச்சவரம்பு. நிலம் வங்கியிடம் அடகில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை.

ஏணியின் கடைசிப் படியில் இருப்பது தி.ஓ.எல். என்று நாம் அழைக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அரசு நிலத்துக்கு வழங்கப்படும் அது அந்தந்த ஆண்டின் இறுதிக்கு மேல் நீடிக்காது, புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். மாற்றிக் கொடுக்கவும் முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் முடிந்துவிடும். பூங்கா நடத்துபவரிடமே அந்த அளவு உரிமைதான் இருந்தால், அவர் பிறருக்குப் பத்தாண்டு வாக்குறுதி தருவதற்கு அடித்தளமே இல்லை. தன்னிடம் உள்ளதைவிட அதிக உரிமையை ஒருவர் விற்க முடியாது.

நிலத்தின் வகையும் இதில் சேரும். வேளாண் நிலத்தை அனுமதியின்றித் தங்குமிடமாக மாற்றினால் நில நிபந்தனை மீறல் ஆகும். ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி, கட்டட அனுமதி, வணிக உரிமம் ஆகியவை தனித்தனி. சிலாங்கூரின் பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 அன்று நிலச்சரிவில் 31 பேர் இறந்த முகாம் தளம், முகாம் நடத்த உரிமம் பெறாமல் ஒரு பண்ணை நிலத்தில் இயங்கியது. அதன் பிறகு முகாம் தளங்கள் மீதான விதிகள் இறுகின. அனுமதி இல்லாத பூங்கா மூடப்பட்டால், அங்கே கேரவன் வாங்கியவரின் ஒப்பந்தம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

நான்காம் நிலைப்பாடு: வாங்கவே வேண்டாம்

வேண்டியபோது வாடகைக்கு எடுத்தால் போதும் என்பவர்கள் கணக்கை முன்வைக்கிறார்கள். புரிவதற்காக ஒரு கற்பனைத் தொகையை எடுத்துக்கொள்வோம். கேரவனும் கூடமும் 80,000 ரிங்கிட். மனைக் கட்டணம் மாதம் 500 ரிங்கிட், பத்தாண்டில் 60,000. பழுதுபார்ப்பைச் சேர்க்காமலே மொத்தம் 140,000. ஆண்டுக்கு 30 இரவு தங்கினால் பத்தாண்டில் 300 இரவு, ஓர் இரவுக்கு ஏறத்தாழ 467 ரிங்கிட். இறுதியில் 30,000 ரிங்கிட்டுக்கு விற்க முடிந்தால் 367ஆகக் குறையும். ஆண்டுக்கு 60 இரவு தங்கி, ஒன்றும் திரும்பப் பெறாவிட்டால் 233 ரிங்கிட். பயன்பாடு இரட்டிப்பானால் இரவுச் செலவு பாதியாகிறது. மறுவிற்பனை விலையைவிட எத்தனை இரவு தங்குகிறோம் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஜொகூரின் கிழக்குக் கரையில் அந்த இரவுகள் தாமாகவே குறைகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் போகும் படகுகள் குறைகின்றன, கடல் குளிக்க ஏற்றதாக இருப்பதில்லை. ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறை இக்காலத்தில் விழுந்தால் குடும்பங்களின் நீண்ட ஓய்வே மழையோடு போய்விடும். மனைக் கட்டணம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

இந்த வாதத்தின் குறை, மனிதர்கள் விடுமுறை வீட்டை இரவுக் கணக்குக்காக மட்டும் வாங்குவதில்லை என்பதுதான். திருமணம், பிறந்தநாள், தைப்பூசத்துக்குப் பிந்தைய வார இறுதி என்று சொந்தபந்தம் கூடுவதற்கு, யாரிடமும் கேட்காமல் போகக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்பது மதிக்கத்தக்க ஆசை. அதற்கு விலை கொடுப்பது மடமையல்ல. ஆனால் அதற்குக் கொடுப்பது செலவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். முதலீடு என்று சொல்லி விற்கும்போதுதான் தவறு நேர்கிறது.

கடல் முன்வைக்கும் வாதம்

நகரும் வீட்டுக்கு ஆதரவான மிக வலுவான காரணம் சந்தையிலிருந்து வரவில்லை, கரையிலிருந்து வருகிறது. 1985இல் முடிந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, மலேசியாவின் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அரிப்புக்கு உள்ளாவதாகக் கண்டது. நீர்ப்பாசன வடிகால் துறையின் 1997 வழிகாட்டி, மணற்கரையில் கட்டுமானத்தை 60 மீட்டரும் சேற்றுக்கரையில் 400 மீட்டரும் தள்ளி வைக்கச் சொல்கிறது. டெசாருவும் மெர்சிங்கும் மணற்கரை. பொந்தியானும் குக்குப்பும் பெரும்பாலும் சேறும் சதுப்புக் காடும். கடல்மட்டம் உயரும் காலத்தில், பின்வாங்க முடிந்த வீடு பின்வாங்க முடியாத சிமெண்டு வீட்டைவிட அறிவார்ந்தது என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இது உண்மையிலேயே நகரும் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். கூடத்தோடு பிணைந்து, சக்கரம் துருவேறி நின்ற கேரவன் கரைக்கு அருகே இருக்கும் மெல்லிய கட்டடம், அவ்வளவே. சிமெண்டு வீட்டின் உறுதியும் அதற்கு இல்லை, வண்டியின் விடுதலையும் இல்லை. நகர்வைக் காரணம் காட்டி வாங்குபவர் நகர்வைக் காக்கும் விதத்தில் கட்ட வேண்டும்: மடக்கக்கூடிய கூடம், கழற்றக்கூடிய பலகைத் தரை, ஆண்டுதோறும் இழுத்துப் பார்க்கும் அடிச்சட்டம்.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளும் தத்தம் இடத்தில் சரியானவை. அவை வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதால்தான் மோதுகின்றன. மண்ணை வலியுறுத்துபவர் வெளியேற்றத்தை நினைக்கிறார். வீட்டைப் பிரிப்பவர் வண்டியை நினைக்கிறார். ஒப்பந்தத்தை நம்புபவர் நேர்மையான பூங்காவை நினைக்கிறார். வாடகையைச் சொல்பவர் பணப்பையை நினைக்கிறார். கூடத்தோடு கூடிய கேரவன் இந்த நான்கின் நடுவே விழுகிறது. தோட்டப்புற அனுபவத்தின் பின்னணியில் பார்க்கும்போது, மண்ணின் மீது பதிவு பெறாத எந்த ஏற்பாட்டையும் சொத்து என்று அழைக்க நான் தயங்குவேன். பட்டாவில் ஏறிய குத்தகை இருந்தால் மீதமுள்ள ஆண்டுகளின் அளவுக்கு அது சொத்து. இல்லையென்றால் முன்பணமாகக் கட்டிய வாடகை, அந்த அளவுக்கே அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. 1953 தீர்ப்பு தூண்வீட்டுக்குத் தந்த விலக்கை இன்றைய நீதிமன்றம் கேரவனுக்கும் நீட்டுமா? விடுமுறைப் பூங்காக்களுக்கென ஜொகூர் மாநில அரசு தனி விதிகள் வகுக்குமா? கரை பின்வாங்கும்போது மனை இழந்தவருக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை வரும்வரை வாங்குபவரின் விழிப்புதான் பாதுகாப்பு.

ஆகவே கடலைப் பார்ப்பதற்கு முன் நில அலுவலகத்துக்குப் போங்கள். பட்டாவைத் தேடி எடுத்து, உரிமையாளர் யார், எத்தனை ஆண்டு மீதம், என்ன வகை நிலம், அடகு இருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சி மன்றத்தில் பூங்காவின் உரிமத்தைக் கேளுங்கள். பூங்கா மூடப்பட்டால் கேரவனை எத்தனை நாளில், யார் செலவில் எடுப்பது, கூடத்துக்கு ஈடு உண்டா, விற்கும்போது மனை அனுமதி வாங்குபவருக்குப் போகுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். அந்தப் பதில்களைத் தர மறுக்கும் பூங்காவில் ஒரு வெள்ளியும் போடாதீர்கள்.